இசைத்தட்டை எதிர்த்த இசைக்கலைஞர்கள்

1942 ஆகஸ்ட் 1. அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் இசைத்தட்டுக்கு வாசிக்க மறுத்த நாள் அது. 1896-ல் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்த சங்கம். அப்போதைய தலைவர், சிகாகோவின் டிரம்பெட் கலைஞர் ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ.

அவர் கோபம் நியாயமானது. பேசும்படம் வந்தபோதே, திரையரங்குகளில் வாசித்துப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்திருந்தார்கள். பிறகு வானொலியும் ஜூக்பாக்ஸும் ஒரே தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டன. வாசித்தவருக்கு அதில் ஒரு காசும் வரவில்லை.

இசைத்தட்டுக்கு வாசிக்கக் கூடாது என்ற சங்கத்தின் தடை பாடகர்களைக் கட்டுப்படுத்தவில்லை. அதனால் பிராங்க் சினாட்ரா வாத்தியமே இல்லாமல், குழுப்பாடகர்களின் குரல் துணையோடு பாடிப் பதிவுசெய்தார்!

போர்க்காலம் வேறு. அதிபர் ரூஸ்வெல்ட்டே கேட்டுக்கொண்டும் பெட்ரில்லோ இறங்கிவரவில்லை. டெக்கா இசைத்தட்டு நிறுவனம் 1943-ல் பணிந்தது. கொலம்பியாவும் ஆர்.சி.ஏ. விக்டரும் 1944 நவம்பர் வரை தாக்குப்பிடித்தன. கடைசியில், விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் சங்கத்தின் நிதிக்கு ஒரு தொகை தர எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பொதுமக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தியது சங்கம்.