முறுக்கு அடுப்பும் குளுகுளு அறையும்

மணப்பாறை முறுக்கு இரண்டு தடவை எண்ணெய்ச் சட்டியில் விழுந்து எழுகிற முறுக்கு. 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. சட்டிக்கு அடியில் கேஸ் அடுப்பு எரிகிற கடையென்றால், அந்த நீல நெருப்பு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயுவின் நெருப்பு. அதே புரொப்பேனைச் சுத்திகரித்து ஏசிக்குள் அடைத்தால் அறை குளிரும். ஏசிக்காரர்கள் பாஷையில் அதற்குப் பெயர் ஆர்-290. அதில் ஓடும் ஸ்பிளிட் ஏசியை 2012இல் கோத்ரெஜ் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சட்டியைக் காய்ச்சுகிற சரக்கு அறையை எப்படிக் குளிர்விக்கும்? ஏசிக்குள் அது எரிவதே இல்லை. வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் வியர்வை ஆவியாகி உடம்பு குளிர்கிறதல்லவா, அதுதான் சூத்திரம். இன்டோர் காயிலுக்குள் திரவம் ஆவியாகும்போது அறையின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. மொட்டைமாடியில் இருக்கும் கம்ப்ரசர் அந்த ஆவியை அமுக்க, அது சூட்டை வெளியே கொட்டிவிட்டு மறுபடி திரவமாகிறது. சுற்றிச் சுற்றி வருவது அதே கேஸ்தான்.

ஆகவே, சித்திரை வெயிலில் மெக்கானிக் வந்து "கேஸ் தீந்துபோச்சு சார், ஏத்தணும்" என்றால் அதில் பாதிதான் உண்மை. தீர்வது அடுப்பு சிலிண்டர். ஏசியில் கேஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்: குழாயை இணைக்கும் ஃபிளேர் நட் சரியாக இறுகவில்லை, அல்லது காயில் அரித்துவிட்டது. ஓட்டையை அடைக்காமல் ஏற்றினால் அடுத்த வருஷமும் அதே செலவு. போன கேஸ் வானத்தில்தான் இருக்கிறது.

அங்கே அது என்ன செய்கிறது என்பதில்தான் உலக நாடுகளின் சட்டமெல்லாம் தொடங்குகிறது. பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 ஓசோன் படலத்தை அரிக்கும். 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தம் அதைப் படிப்படியாக ஒதுக்கியது. இந்தியாவில் 2025 தொடக்கத்திலிருந்து புதிய கருவிகளில் அந்த வகை வாயுவை நிரப்ப முடியாது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கில்லாடி. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ கசிந்தால் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிற பைக்கில் மணப்பாறையிலிருந்து திருச்சிக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் போய்வந்தால் வருகிற புகைதான் அந்த 2,088 கிலோ. இன்னொரு ஏசி வாயுவான ஆர்-32க்கு இந்தக் கணக்கு 675தான். புரொப்பேனுக்கு ஒற்றை இலக்கம்.

மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் செய்த திருத்தம் ஆர்-410ஏ, ஆர்-32 போன்றவற்றைக் கட்டுப்படுத்துகிறது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. 2024 முதல் 2026 வரையிலான பயன்பாட்டை வைத்து அளவுகோல். 2028இல் அதற்கு மேல் ஏறக் கூடாது. 2032இல் 10 சதவீதம் குறைப்பு, 2047இல் 85. கெடு தாராளம்தான். ஆனால் ஏசி ஒரு தடவை வாங்கினால் பத்து வருஷம் சுவரில் தொங்குகிற சாமான். இன்று வாங்குவது 2032ஐத் தாண்டியும் ஓடும்.

எல்லாரும் புரொப்பேனுக்கு மாறிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ஆர்-410ஏ என்பது ஆர்-32உம் ஆர்-125உம் சரிபாதி. ஆர்-125 தீயை அடக்கும், ஆனால் வானத்தில் முப்பது ஆண்டு போல் கிடக்கும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும், வானத்தில் சுமார் ஐந்தே ஆண்டில் சிதையும். புரொப்பேனோ நன்றாகவே எரியும், சில வாரங்களில் மறைந்தும்விடும். வானத்தில் தங்காத சரக்கு வீட்டில் கொஞ்சம் முரடு. அதனால்தான் அறையின் பரப்புக்கு ஏற்ப எத்தனை கிராம் கேஸ் இருக்கலாம் என்று பாதுகாப்பு விதி வரம்பு வைக்கிறது. பயந்து ஓடவும் வேண்டாம்: நம் வீட்டு ஃபிரிட்ஜுகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் பல வருஷமாகச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் பார்வையில், கிகாலியைவிட முக்கியமான இடம் மெக்கானிக்கின் பைதான். ஏசி மாட்டும்போது புதுக் குழாயில் இருக்கும் காற்றை வேக்கம் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். அவசரக்காரர்கள் அவுட்டோர் வால்வைச் சற்றே திறந்து, கேஸைக் கொண்டே காற்றைத் தள்ளிவிடுவார்கள். அந்த "உஸ்" சத்தம்தான் மாசு. ஆர்-32, ஆர்-290 என்றால் அது ஆபத்தும்கூட. 2019இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தரச் சொன்னது இதனால்தான். அவுட்டோரில் ஒட்டிய ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் எடையும் இருக்கும். வருகிறவர் கையில் வேக்கம் பம்பும் தராசும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முறுக்குக் கடை சிலிண்டரிலிருந்தே ஏசிக்கு ஏற்றிவிடலாமே என்று குறுக்குவழி யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். அதில் பியூட்டேனும் ஈரமும் நாற்றத்துக்காகச் சேர்த்த கந்தகச் சரக்கும் உண்டு. அதோடு, எரியாத கேஸுக்காகச் செய்த பழைய ஏசியை வடிவமைத்தபோது, அதன் ரிலேயும் சுவிட்சும் தீப்பொறி விடுமே என்று யாரும் கவலைப்படவில்லை.