நான்கு அங்குலத் தொண்டை

ஊட்டியில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களுக்குள் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: கூடத்துச் சுவரில் ஒரு மாடம், உள்ளே கரி படிந்த செங்கல், மேலே ஓட்டைத் தாண்டி நிற்கும் புகைபோக்கி. அதுதான் கணப்பு. பார்வைக்கு எளிய அமைப்பு. ஆனால் அளவு பிசகினால் புகை வீட்டுக்குள் வரும், சூடு வெளியே போய்விடும்.

18-ஆம் நூற்றாண்டில் லண்டன் வீடுகள் பலவற்றின் கதி அதுதான். ஆள் ஏறி இறங்கும் அளவுக்கு அகன்ற புகைபோக்கிகள், அறையின் வெதுவெதுப்பையெல்லாம் உறிஞ்சி வானத்துக்கு அனுப்பின. அந்த இடத்தை நிரப்ப, கதவிடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே புகுந்தது. எதிரே உட்கார்ந்தவருக்கு முகம் வெந்தது, முதுகு விறைத்தது.

இதற்கு வழி சொன்னவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்த பெஞ்சமின் தாம்சன், அதாவது ரம்ஃபோர்டு பிரபு. பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்தவர் இவரே. கணப்புகளைப் பற்றிய இவரது கட்டுரை 1796-இல் வெளிவந்தது.

மாடம் ஆழமாக இருந்தால் நெருப்பின் ஒளியும் வெப்பமும் அதற்குள்ளேயே அடைபட்டுவிடும். ஆகவே ஆழத்தைக் குறைத்தார். பின்சுவரின் அகலம் முன்வாயில் மூன்றில் ஒரு பங்கு, ஆழமும் அதே அளவு. பக்கச் சுவர்கள் பின்சுவரோடு 135 பாகைக் கோணத்தில் விரிய வேண்டும். முன்வாய் 36 அங்குலம் என்றால் பின்சுவர் 12, ஆழம் 12. விரிந்த அந்தச் சுவர்கள் வெப்பத்தை அறைப் பக்கம் திருப்பிவிடும். அவற்றுக்கு வெள்ளையடிக்கவும் சொன்னார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நெருப்புக்கு நேர் மேலே இருக்கும் தொண்டை. அதை நான்கு அங்குலமாகச் சுருக்கினார். புகை போக அது போதும். அறைக்காற்று வீணாகக் கூடவே ஓடாது. புகைபோக்கி துடைப்பவர் நுழைய வேண்டுமே? அதற்காக, கழற்றி மாட்டும் கல் ஒன்றை அங்கே வைக்கச் சொன்னார். கட்டுபவரின் வசதியோடு துடைப்பவரின் பாட்டையும் நினைத்த அந்தக் கவனம் அருமையானது.

இன்று அமெரிக்காவில் வீட்டுக்குக் கணப்பு கட்டுபவர்கள் அஸ்திவாரத்தில்தான் தொடங்குகிறார்கள். செங்கல் புகைபோக்கியின் கனம் டன் கணக்கில் வரும். மரத்தளம் அதைத் தாங்காது. தனிக் கான்கிரீட் மேடை வேண்டும். நெருப்புப் படும் இடத்துக்குச் சாதாரணச் செங்கல் ஆகாது. தீச்செங்கல்லை வெப்பம் தாங்கும் சாந்தில், கால் அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளியோடு வைக்கிறார்கள். புகைக்குழாயின் குறுக்குப்பரப்பு முன்வாயின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு: 36-க்கு 36 அங்குல வாய்க்கு 130 சதுர அங்குலம். புகைபோக்கி, கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி உயர வேண்டும். பத்தடி தூரத்துக்குள் உள்ள கூரையின் எந்தப் பகுதியையும்விட இரண்டடி உயரமாகவும் இருக்க வேண்டும். தாழ்வாக நின்றால் காற்று புகையைக் கீழே தள்ளிவிடும்.

அங்கே வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுபவை. செங்கல்லுக்கும் மரத்துக்கும் இடையே இரண்டங்குல இடைவெளி விடாத கொத்தனார், தெரியாமலே வீட்டுக்குத் தீ வைக்கிறார். பல ஆண்டு சூட்டில் காய்ந்த மரம் ஒருநாள் தானே பற்றிக்கொள்ளும்.

கட்டி முடித்த அன்றே விறகை அடுக்கக்கூடாது. சாந்து காய வாரக்கணக்கில் விட்டு, முதலில் சின்னச் சுள்ளிகளை மட்டும் எரிக்கிறார்கள். பற்றவைக்குமுன் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தித் தொண்டைக்குக் கீழே பிடிப்பார்கள். குளிர்ந்து கிடக்கும் குழாய் சற்றே சூடேறி, புகை மேல்நோக்கி இழுபடத் தொடங்கும்.