மண்ணுக்கடியில் – 7: தங்கம் வந்தது, சட்டம் போனது

1848 ஜனவரி 24. கலிபோர்னியாவின் கொலோமாவில் ஜான் சட்டருக்காக மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல், வாய்க்காலில் தங்கத் துணுக்குகளைப் பார்த்தார். ஒன்பதே நாளில், பிப்ரவரி 2 அன்று, மெக்சிகோ அந்தப் பிரதேசத்தை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டது. தங்கச் சேதி, நிலத்தைக் கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

மான்டெரேயில் இருந்த அமெரிக்க ராணுவ ஆளுநர் கர்னல் ரிச்சர்ட் மேசனுக்கோ ஒப்பந்தச் சேதியே எட்டவில்லை. அது ஆகஸ்டில்தான் வந்தது. அதற்குள், பிப்ரவரி 12 அன்றே ஓர் ஆணை பிறப்பித்துவிட்டார்: சுரங்க உரிமை கோருவது பற்றிய மெக்சிகோ சட்டங்களும் வழக்கங்களும் இன்றோடு ரத்து.

ரத்தானது சாதாரணச் சட்டமல்ல. ஸ்பெயின் மன்னர் 1783இல் வகுத்த சுரங்க விதிகளில் வேரூன்றியது. நிலம் யாருடையதானாலும் அடியில் கிடக்கும் தங்கமும் வெள்ளியும் அரசுக்குச் சொந்தம். கண்டுபிடித்தவர் அதிகாரியிடம் பதிந்துவிட்டுத் தோண்டலாம். தொடர்ந்து நான்கு மாதம் வேலை நின்றால் உரிமை போகும். அடுத்தவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மேசன் பழையதை எடுத்தாரே தவிர, அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் சுரங்கச் சட்டம் போட 1866 ஆனது. அதுவரை அரசு நிலத்தில் தோண்டிய அத்தனை பேரும் கண்டிப்பாகப் பார்த்தால் அத்துமீறியவர்களே. அவர்கள் முகாம் முகாமாகக் கூடித் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள்: ஆளுக்கு இவ்வளவு இடம், வேலை செய்யாவிட்டால் இடம் போச்சு. பழைய ஸ்பானிய வாடை அடிக்கிறதல்லவா? சுரங்கத் தொழில் தெரிந்த மெக்சிகோவின் சொனோராக்காரர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த மரியாதை, 1850இல் அயல்நாட்டாருக்கென்று விதித்த மாதம் 20 டாலர் வரி.

ஜான் ஃப்ரெமான்ட்டின் அதிர்ஷ்டம் வேறு வகை. 1847இல் 3,000 டாலருக்கு அவர் வாங்கிய மரிபோசா, எல்லை குறிக்காத மெக்சிகோ நில மானியம். 1849இல் அந்த வட்டாரத்தில் தங்கம் அகப்பட்டது. பட்டாவுக்காக அளந்தபோது, பிறர் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கங்களும் அவர் எல்லைக்குள் வந்து விழுந்தன! மானியம் கொடுத்த மெக்சிகோ தங்கத்தைத் தன்னிடமே வைத்திருந்தது. ஆட்சி மாறியதும் அது அமெரிக்க அரசுக்குப் போனது. அந்த அரசு எதையும் பிடித்துவைக்காமல் பட்டா கொடுத்ததால், தங்கமும் பட்டாதாரருக்கே என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1861இல் முடித்தது. பழைய சட்டம் நீடித்திருந்தால் அந்தத் தங்கத்தைப் பதிந்தவர் எவரும் எடுத்திருக்கலாம்.

ஆந்த்ரேஸ் காஸ்தியேரோ கதை நேர்மாறு. தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் வேண்டும். நியூ அல்மாடன் மலையில் அது இருப்பதைக் கண்ட இந்த மெக்சிகோ அதிகாரி, 1845இலேயே சான் ஹொசே ஊர் நீதிபதியான அல்கால்தேயிடம் உரிமை பதிந்திருந்தார். 1863இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பழைய சட்டப் புத்தகத்தையே புரட்டி, அப்படிப் பதிய அல்கால்தேக்கு அதிகாரமில்லை என்றது. மெக்சிகோ ஆட்சியில் அங்கே வேறு சுரங்க அதிகாரியே இருந்ததில்லை. அதே ஆண்டு லிங்கன் சுரங்கத்தைக் கைப்பற்ற ஆணையிட்டார். மேற்கே எழுந்த கொந்தளிப்பில் அதைக் கைவிட நேர்ந்தது.

(தொடரும்)