நங்கையாவுடன் ஒரு கச்சேரி மாலை

மார்கழி பிறந்துவிட்டால் நமக்கு வேலைக்கா குறைவு? விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். பொங்கலுக்குள் வீட்டை ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, பரணைச் சுத்தம் செய்து முடிக்க வேண்டும். அதே மார்கழியில் சென்னைப் பட்டணத்தில் இன்னொரு வேலை மும்முரமாக நடக்கிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், திருவல்லிக்கேணி என்று பேட்டைக்குப் பேட்டை சபாக்களில் காலையிலிருந்து இரவு வரை பாட்டுக் கச்சேரி!

1927-ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் பலனாக 1928-ல் மியூசிக் அகாடமி தோன்றியது. அந்த டிசம்பர் விழாதான் பிறகு ஊரெங்கும் பரவி, இன்று 'சீசன்' என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

"அதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு, நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போன மார்கழியில் நானும் என் நங்கையாவும் போய்வந்த கதையைக் கேளுங்கள்.

பரணுக்குப் போன ஆர்மோனியம்

கணவரின் அக்காவை எங்கள் தாராபுரம் பக்கம் நங்கையா என்போம். என் நங்கையாவுக்கு வயது 62. சின்ன வயதில் எட்டு வருஷம் முறையாகப் பாட்டுக் கற்றவர். கல்யாணமாகிப் போன வீட்டில், "பாடினது போதும், அடுப்பைப் பார்" என்று சொல்லிவிட்டார்கள். ஆர்மோனியப் பெட்டி பரணுக்குப் போயிற்று. போன வருஷம் அவர் கணவரும் தவறிவிட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம், ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசற்படி தாண்டவில்லை. சாப்பாடு பாதியானது, தூக்கமும் இல்லை.

திருப்பூர் போய் இரவு ரயில் பிடித்து, மந்தைவெளியில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு அவரையும் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனேன். இரண்டாம் நாள் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"ஏனுங்க நங்கையா, சாயங்காலம் கச்சேரிக்குப் போலாமுங்களா?"

"அட, போ கண்ணு! இன்னும் வருஷம் திரும்பலை. பொட்டில்லாதவ பாட்டுக் கேக்கப் போனாள்னு நாலு பேர் பேசறதுக்கா?"

ஊரில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "அக்காகிட்டக் கொடு" என்றார். "மாமா இருந்திருந்தா அவரே கூட்டிக்கிட்டுப் போயிருப்பாருக்கா. போயிட்டு வா" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. நங்கையா பதில் பேசவில்லை.

அப்போதுதான் நம் கொடுமுடிக்காரம்மாவை ஞாபகப்படுத்தினேன். கே. பி. சுந்தராம்பாள் 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். 1933-ல் கணவர் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது 25. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையைக் கடைசி வரை மாற்றவில்லை. கொஞ்ச காலம் ஒதுங்கி இருந்தார். ஆனால் பாட்டை விட்டுவிடவில்லை. 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்துப் பாடினார். சட்ட மேல்சபை உறுப்பினராகவும் ஆனார். 1953-ல் 'ஔவையார்', 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறையும் வரை அந்தக் கம்பீரக் குரலுக்கு ஊரே எழுந்து நின்றது.

"அவங்களே பாடினாங்க. நீங்க கேக்கறதுக்குக்கூடக் கூடாதுங்களா?" என்றேன். சற்று நேரம் கழித்து, "அந்தச் சாம்பல் கலர்ச் சேலை பெட்டியில இருக்குதா பாரு" என்றார்.

மாட வீதியிலிருந்து கான்டீன் வரை

முதலில் கிழக்கு மாட வீதியில் உள்ள பாரதீய வித்யா பவனுக்குப் போனோம். அங்கே டிக்கெட் இல்லாத கச்சேரி. ஒரு சின்னப் பெண் பாடினாள். சுற்றிலும் பார்த்தால் எங்களைப் போல நரைத்த தலைகள்! தனியாக வந்த பெண்களும் நிறையப் பேர். நங்கையாவின் நெற்றியை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் மேடையில்தான்.

பிறகு சபா கான்டீன். வாழையிலை போட்டுச் சுடச்சுட டிபன். எட்டு மாதமாக அரை இட்லியோடு எழுந்துகொண்டிருந்தவர், அன்று ரவா தோசையை முழுசாகச் சாப்பிட்டு, டிகிரி காபியும் கேட்டார்.

இரவுக் கச்சேரிக்குக் குறைந்த விலை டிக்கெட்டில் பின் வரிசையில் இடம் கிடைத்தது. பாடகி ஆலாபனை தொடங்கிய இரண்டாவது நொடியில், "கரகரப்ரியா!" என்றார் நங்கையா. விரல்கள் தானாக மடியில் தாளம் போட்டன. தனி ஆவர்த்தனம் வந்ததும் பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். "இத்தனை நேரம் பாட்டுக்கு வாசிச்ச தம்பி, அதோட முறை வர்றப்ப இப்படி எந்திரிச்சுப் போறாங்களே!" என்று அவருக்கு ஒரே வருத்தம். முடிந்ததும் முதலில் கை தட்டியவர் அவர்தான்.

அந்த மேடையில் ஒரு பெண் நடுவில் அமர்ந்து பாடுவதும் சும்மா வந்ததல்ல. மியூசிக் அகாடமி 1942 முதல் 'சங்கீத கலாநிதி' பட்டம் தருகிறது. அதை வாங்கிய முதல் பெண் பாடகி எம். எஸ். சுப்புலட்சுமி. அது 1968-ல்! இரண்டு வருஷம் கழித்து டி. கே. பட்டம்மாள். அந்தப் பட்டம் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவே அத்தனை காலம் ஆகியிருக்கும்போது, எதிரே உட்கார்ந்து கேட்க நாம் தயங்கலாமா?

போக நினைப்பவர்களுக்கு

* பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. வளர்ந்து வரும் இளையவர்கள் பாடும் நேரம் அது.

* கான்டீனில் சாப்பிடப் பெரும்பாலும் கச்சேரி டிக்கெட் தேவையில்லை.

* ஏ.சி. அரங்கில் குளிர் எடுக்கும். ஒரு சால்வையும் தண்ணீர் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

* மூட்டுவலிக்காரர்கள் ஓரத்து நாற்காலியில் உட்காருங்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எழுந்து நான்கு அடி நடக்கலாம்.

* மாத்திரை சாப்பிடுபவர்கள் இரவு வேளை மாத்திரையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

* திரும்பி வரும் வழியை முன்பே முடிவு செய்துவிட்டால் மங்களம் வரை நிம்மதியாகக் கேட்கலாம்.

அன்று வீடு திரும்பும்போது மணி பத்து. நங்கையா படுத்ததும் தூங்கிப்போனார். ஒரு கச்சேரி துக்கத்தைத் துடைத்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. இன்றும் அவர் அழுகிற நாட்கள் உண்டு. ஆனால் ஊர் திரும்பிய வாரமே ஆர்மோனியத்தைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் தெருப்பெண்கள் இரண்டு பேர் அவரிடம் சரளி வரிசை கற்கிறார்கள். "வருஷம் திரும்பலையே" என்று இழுத்த பக்கத்து வீட்டு அம்மாவின் பேத்திதான் அதில் ஒருத்தி!

உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு பெட்டி இருக்கலாம். இந்த மார்கழியில் ஒட்டடை அடிக்கும்போது கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.