மாற்றுத்திறனாளி சான்றிதழ் மதிப்பீடு: போகும் முன் என்ன எடுத்து வைக்கணும்?

“எங்க ஏரியா சென்னையா, திருவள்ளூரா?” மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கக் கிளம்பும் பாடி மக்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். 2018-ல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. அதனால் பாடி இப்போது சென்னை. ஆவடி, பூந்தமல்லி வாசிகளுக்குத் திருவள்ளூர் மாவட்டம். புதிய விதிகளின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து மருத்துவக் குழுவிடம்தான் போக வேண்டும். ஆதாரில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

என்ன மாறியிருக்கிறது?

2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பாதிப்பு எத்தனை சதவீதம் என்று கணக்கிடும் வழிமுறைகள் 2018-ல் வந்தன. அவற்றைத் திருத்திப் புதிய வழிமுறைகளை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சான்றிதழ் விதிகளும் மாறின. முக்கியமானவை இவை:

• விண்ணப்பம் ஸ்வாவலம்பன் இணையதளம் வழியாக. செல்போனிலேயே செய்யலாம், முடியாதவர்கள் இ-சேவை மையத்தை அணுகலாம்.
• ஆதார், அடையாளச் சான்று, ஆறு மாதத்துக்குள் எடுத்த போட்டோ தேவை.
• சான்றிதழ் வழங்க இருந்த ஒரு மாத அவகாசம் மூன்று மாதமாகியிருக்கிறது.
• இரண்டு வருடத்துக்கு மேல் முடிவு எடுக்கப்படாமல் கிடக்கும் விண்ணப்பம் செல்லாது. மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.
• தனித்துவ அடையாள அட்டை மூன்று நிறங்களில் வரும்: 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.

சதவீதம் ஏன் இவ்வளவு முக்கியம்?

அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீடு இரண்டுக்கும் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு வேண்டும். தமிழ்நாடு அரசு 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்திய பராமரிப்பு உதவித்தொகையில், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற பிரிவுக்கு 75 சதவீதம் வேண்டும். ஒன்றிரண்டு புள்ளி குறைந்தாலும் ஒரு குடும்பத்தின் மாத வரவு மாறிவிடும்.

இரண்டு குறைபாடு இருந்தால் இரண்டையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். அதற்குத் தனிக் கணக்கு உண்டு. 40-ம் 30-ம் சேர்ந்தால் 70 வராது. சுமார் 57 வரும். “டாக்டர் குறைச்சுப் போட்டுட்டார்” என்று நினைக்கும் முன் இதை ஞாபகம் வையுங்கள்.

கையில் என்ன இருக்கணும்?

மருத்துவக் குழு உங்களைப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். மீதியைக் காகிதம்தான் சொல்லும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் போனில் போட்டோ எடுத்துத் தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். காது கேளாமைக்குச் செவித்திறன் பரிசோதனை அறிக்கை வேண்டும். பார்வைக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள். கண்ணாடி போட்ட பிறகு எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துத்தான் கணக்கு.

மனநலப் பாதிப்புக்கு தன்னைப் பராமரித்துக்கொள்வது, உறவுகள், பேச்சுத் தொடர்பு, வேலை ஆகிய நான்கையும், நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் அவசியம் உடன் போக வேண்டும்.

டாக்டர் முன்னாடி எப்படிப் பேசணும்?

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் கேட்டதும், “பரவாயில்லைங்க, இப்போ நல்லா இருக்கான்” என்போம். பிள்ளையை நாலடி நடக்க வைத்துக் காட்டவும் ஆசைப்படுவோம். மதிப்பீட்டில் அது பிள்ளைக்கே பாதகம். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். “வீட்டுக்குள்ள நடப்பான், பஸ் படி ஏற முடியாது”, “சாப்பாடு ஊட்டணும்”, “மாசம் மூணு தடவை வலிப்பு வருது” என்று அன்றாடத்தைச் சொல்லுங்கள். முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டால் பதற்றத்தில் விட்டுப்போகாது.

உதவித் தேவைக்குத் தனி மனு

சதவீதம் பாதிப்பைச் சொல்லும். ஒருவருக்குத் தினமும் எவ்வளவு துணை தேவை என்பது வேறு கேள்வி. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ள ஒருவர் தனக்கு அதிக உதவி தேவை என்று நினைத்தால், சட்டத்தின் 38-வது பிரிவின்படி விண்ணப்பிக்கலாம். அவர் சார்பாக வீட்டாரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கவும் இடம் உண்டு. மதிப்பீட்டுக் குழு அதைப் பரிசீலிக்கும்.

முடிவு வந்த பிறகு

சதவீதம் சரியில்லை என்று தோன்றினால் 59-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். மனு நகரவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100-ஐ அழையுங்கள். விண்ணப்பப் பதிவு எண்ணைக் கையில் வைத்திருங்கள். சான்றிதழ் நிரந்தரமா, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமா என்று வாங்கிய அன்றே பாருங்கள். கால வரம்பு இருந்தால், முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். புதுச் சான்றிதழ் கைக்கு வரவே மூன்று மாதம் ஆகலாம்; அதற்குள் பழையது காலாவதியானால் உதவித்தொகை தடைபடக்கூடும்.