ஆறு வயதுக் கடைவாய்ப்பல்

முன்பல்லில் தொடங்கி, நாக்கு நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டே பின்னால் போங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதாக ஒரு பெரிய பல் தட்டுப்படும். மேல்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதுதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். உங்களுக்கு ஆறு வயது நடந்தபோது, பால் பற்களுக்கெல்லாம் பின்னால் இருந்த காலி இடத்தில் அது முளைத்தது. எந்தப் பல்லும் விழாமல் முளைத்ததால், வீட்டில் பலர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். "சொத்தையானா என்ன, விழுந்து முளைக்கிற பல்தானே!" என்று விட்டுவிடுகிறார்கள். இந்தப் பல் போனால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. ஆயுசுக்கும் இது ஒன்றுதான்.

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில் கார்டன் ரீச் என்று ஒரு பகுதி இருக்கிறது. போர்க்கப்பல் கட்டும் தளம் அங்கே உண்டு. தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் அங்கேதான். அந்த ரயில்வே குடியிருப்பில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. அவள் மகளுக்கு ஒன்பது வயது. கீழ்வரிசையில் அவளுடைய ஆறாவது பல்லில் கறுப்பாக ஒரு குழி விழுந்திருந்தது.

"பெரியம்மா, ஐஸ் தண்ணி குடிச்சா சுரீர்னு இழுக்குது" என்றாள்.

"குடிச்சு முடிச்சதும் நின்னுடுதா, இல்ல அப்புறமும் வலிச்சுக்கிட்டே இருக்கா?"

"உடனே நின்னுடும்."

"ராத்திரி தூக்கத்துலேர்ந்து எழுப்புதா?"

"இல்ல பெரியம்மா."

பக்கத்தில் நின்ற என் தங்கை, "பேசாம பிடுங்கிடலாமாக்கா? இவளுக்கும் தொல்லை விட்டுடும்" என்றாள். வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன். குழந்தை சொன்ன இரண்டு பதில்களும் எனக்கு நம்பிக்கை தந்தன. ஏன் என்று புரிய, பல்லுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

பல்லின் வெளிச்சுவர் எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதன் எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. அதற்கு உயிர் இல்லை, தேய்ந்தால் திரும்ப வளராது. அதற்கு உள்ளே டென்டின் என்ற அடுக்கு. இது கெட்டியாகத் தெரிந்தாலும் இதில் நுண்ணிய குழாய்கள் ஏராளம். வெளி ஓரத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 20,000 குழாய்கள் என்றால், உள்ளே போகப்போக இன்னும் நெருக்கமாகிவிடும். ஒவ்வொரு குழாயிலும் திரவம் இருக்கிறது. நடு மையத்தில் இருப்பது பற்கூழ். ரத்தக் குழாய்களும் நரம்புகளும் உயிரணுக்களும் கொண்ட மென்மையான சதை அது. பற்கூழின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஒரு வகை அணுக்கள்தான் டென்டினைக் கட்டும் கொத்தனார்கள். பல் முளைத்த பிறகும் அவை வேலையை நிறுத்துவதில்லை. சொத்தை நெருங்குகிறது என்று தெரிந்தால், உள்பக்கத்தில் புதிதாக டென்டின் போட்டுச் சுவரைத் தடிமனாக்குகின்றன.

சொத்தை எப்படி வருகிறது என்பது உங்களுக்குப் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் நாம் சாப்பிடும் இனிப்பைத் தின்று அமிலம் விடுகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. ஒரே முறை நிறையச் சாப்பிடுவதைவிட, நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதுதான் பல்லுக்கு அதிகக் கெடுதல். எச்சில் அமிலத்தைச் சரிசெய்ய அப்போது நேரமே கிடைப்பதில்லை.

சொத்தை எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் இறங்கியதும் குழாய்களின் வாய் திறந்துகொள்கிறது. ஐஸ் தண்ணீர் பட்டவுடன் குழாய்த் திரவம் சட்டென்று நகர்கிறது, அந்த அசைவு நரம்பைச் சுண்டுகிறது. சுரீர்! தண்ணீரை விழுங்கியதும் அசைவு நிற்கிறது, வலியும் நிற்கிறது. இப்படி வந்து உடனே போகும் வலி என்றால், பற்கூழ் எரிச்சல் அடைந்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் தேறிவிடும் என்று பொருள். தொந்தரவை அகற்றினால் போதும்.

தண்ணீரை விழுங்கிய பிறகும் நீண்ட நேரம் நிற்காத வலி, ஒன்றும் சாப்பிடாமல் சும்மா இருக்கும்போதே வரும் வலி, படுத்தால் விண் விண்ணென்று தெறிக்கும் வலி ஆகியவை வேறு கதை. கையில் அடிபட்டால் கை வீங்க இடம் இருக்கிறது. பற்கூழைச் சுற்றி எல்லாப் பக்கமும் கெட்டிச் சுவர். வீங்க இடமே கிடையாது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுக்கும்போது தலைக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் ராத்திரியில் வலி அதிகமாகிறது. பாட்டி கிராம்பு வைத்துக் கடிக்கச் சொல்வார். கிராம்பில் உள்ள யூஜெனால் நரம்பை மரக்கச் செய்வது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் கிருமிக்கு அது மருந்து ஆகாது. வலி மறைந்ததும் மருத்துவரிடம் போவதும் தள்ளிப்போகும், அதற்குள் சொத்தை ஆழமாகிவிடும்.

ஆகவே பல் வலித்தால் ஊசிக்குப் பயந்து மறைக்காதீர்கள். எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கவனித்து அப்படியே சொல்லுங்கள். மருத்துவர் அதோடு விடமாட்டார். குளிர்ச்சியான பஞ்சை வைத்துப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார். ஆனால் விசாரணை உங்கள் வாய்மொழியிலிருந்துதான் தொடங்குகிறது.

பல்லைக் காப்பாற்றும் வைத்தியத்தின் கதையில் கொல்கத்தாவுக்குப் பெருமையான இடம் உண்டு. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அங்கேதான் 1920இல் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. 1890இல், இன்றைய வங்கதேசத்தில் அடங்கிய கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்து 1915இல் பல் மருத்துவரானார். பிறகு பாஸ்டன் நகரில், குழந்தைகளின் பற்களுக்கென்றே இருந்த ஃபோர்சித் மருத்துவமனையில் வேலை பார்த்தார். ஊர் திரும்பியதும், கல்லூரி நடத்தப் பணம் வேண்டுமே என்று கொல்கத்தாவில் 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்ற குளிர்பானக் கடை வைத்தார். அந்த வருமானத்தில் கல்லூரி வளர்ந்தது. 1928இல், பல்லைப் பிடுங்காமல் சீர்செய்யும் துறைக்கென்று ஒரு கைநூலும் எழுதினார். 1949இல் கல்லூரியை அப்படியே மாநில அரசிடம் ஒப்படைத்துவிட்டார். மௌலாலியில் இருக்கும் அந்தக் கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அவர் பிறந்த டிசம்பர் 24ஆம் தேதியைத் தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறோம். இவ்வளவு செய்தவரின் பெயர் நம் பாடப் புத்தகங்களில் இன்னும் பெரிதாக வரவேண்டும் என்பது என் ஆசை.

அதே 1920இல், ஜெர்மனியில் ஹெர்மன் என்ற பல் மருத்துவர் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். அது வேறொன்றும் இல்லை, தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு! கார்டன் ரீச்சின் பீடாக் கடைகளில் வெற்றிலையில் தடவுகிறார்களே, அந்தச் சுண்ணாம்பில் இருப்பதும் இதே பொருள்தான். கடும் காரத்தன்மை உடையது என்பதால் கிருமிகளைக் கொல்லும். வெளியே தெரிந்துவிட்ட பற்கூழின் மேல் இதைச் சுத்தமாகத் தயாரித்து வைத்தால், அடியில் இருக்கும் அணுக்கள் தூண்டப்பட்டு டென்டினால் ஒரு மூடி கட்டிக்கொள்கின்றன. அதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துப் பல்லில் வைத்துவிடாதீர்கள். வாய் வெந்துவிடும், சொத்தையில் இருக்கும் கிருமியும் அப்படியே இருக்கும்.

கிருமி இல்லாவிட்டால் பற்கூழ் தானே ஆறிவிடுமா? 1965இல் அமெரிக்காவில் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். பிறந்தது முதல் ஒரு கிருமிகூட அண்டாமல் வளர்த்த எலிகள் ஒரு பக்கம், சாதாரண எலிகள் ஒரு பக்கம். இரண்டு வகைக்கும் கடைவாய்ப்பல்லில் துளை போட்டுப் பற்கூழைத் திறந்தபடியே விட்டார்கள். தின்ற தீனியெல்லாம் அந்தத் துளைக்குள் போய் அடைத்தது. சாதாரண எலிகளுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் பற்கூழ் அழுகிச் சீழ் பிடித்தது. கிருமி இல்லாத எலிகளுக்கு, பல்லுக்குள் தீனி அடைத்திருந்தும், பற்கூழ் சாகவே இல்லை. 14ஆம் நாள் வாக்கில் துளையின் குறுக்கே டென்டின் பாலம் போடத் தொடங்கி, நான்கு வாரத்துக்குள் முடித்துவிட்டது. எந்த மருந்தும் வைக்கவில்லை! பல் வைத்தியத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஆற்றும் திறமை பற்கூழிடமே இருக்கிறது, மருத்துவர் செய்ய வேண்டியது கிருமியை உள்ளே விடாமல் காப்பதுதான் என்று இது காட்டிவிட்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு என் தங்கை மகளுக்குச் செய்ததைப் பாருங்கள். முதலில் ஈறில் களிம்பு தடவி, பிறகு மரக்கும் ஊசி போட்டார்கள். அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி வாய்க்குக் குறுக்கே ஒரு ரப்பர் திரை. 1864இல் பார்னம் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டுபிடித்த உத்தி இது. எச்சிலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருப்பதால், ஒரு சொட்டு எச்சில்கூடக் குழிக்குள் போகக் கூடாது. பிறகு சிறு கரண்டி போன்ற கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்தார்கள். ஓரங்களைச் சுத்தமாக, கெட்டியான பகுதி வரும்வரை எடுத்தார்கள். பற்கூழை ஒட்டிய இடத்தில் மட்டும் மெதுவாக. முன்பெல்லாம் மிருதுவானதை ஒன்றுவிடாமல் எடுப்பார்கள். அப்படிச் செய்யும்போதே பற்கூழ் திறந்துவிடும். ஆழத்தில் மெல்லிய ஓர் அடுக்கை விட்டுவைத்து மேலே இறுக்கமாக அடைத்துவிட்டால், மாட்டிக்கொண்ட கிருமிகள் இரை கிடைக்காமல் ஓய்ந்துவிடும் என்று இப்போது தெரிந்திருக்கிறது.

அவளுக்கு ஓர் இடத்தில் சொத்தை ஏற்கெனவே உள்ளே எட்டியிருந்தது. கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று எட்டிப்பார்த்தது. அதுதான் பற்கூழ். மருத்துவர் அந்த இடத்தில் மேலாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சதையை மட்டும் எடுத்தார். ஸ்வீடனில் பணியாற்றிய ச்வெக் என்ற மருத்துவர் 1978இல் எழுதிக் காட்டிய முறை இது. அடிபட்டு உடைந்த 60 முன்பற்களில் செய்து, 96 சதவீதம் பிழைத்ததாக அவர் எழுதினார். பிறகு கிருமிநாசினியில் நனைத்த பஞ்சை வைத்து அழுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். இந்தக் காத்திருப்பே ஒரு பரீட்சை. சில நிமிடங்களில் ரத்தம் நின்றால் மிச்சமுள்ள பற்கூழ் ஆரோக்கியமானது. நிற்காமல் கசிந்தால் நோய் இன்னும் ஆழத்தில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். அவளுக்கு நின்றது.

மேலே வைத்த மருந்து ஒரு வகை சிமென்ட். அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினஜாட் என்ற பேராசிரியரின் குழு 1990களில் உருவாக்கிய எம்டிஏ என்ற மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. வீடு கட்டும் போர்ட்லாண்ட் சிமென்ட்தான் அதற்கு அடிப்படை. மருந்துக்கேற்ற தூய்மையில் தயாரித்து, எக்ஸ்ரேயில் தெரிவதற்கு ஒரு பொருளையும் சேர்த்திருக்கிறார்கள். ஈரத்திலேயே இறுகும் என்பதால் வாய்க்குப் பொருத்தமானது. இறுகும்போது சுண்ணாம்பையும் வெளிவிடுகிறது, அதாவது ஹெர்மனின் மருந்தும் இதற்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் அடைப்பு, அதற்கும் மேல் பல்லுக்கு ஒரு ஸ்டீல் தொப்பி.

பற்கூழ் முழுவதும் செத்துவிட்டால் என்ன செய்வார்கள்? பெரியவர்களுக்குச் செய்கிறார்களே ரூட் கனால் சிகிச்சை, அதைச் செய்வார்கள். வேரின் உள்பக்கத்தைக் கிருமியில்லாமல் சுத்தம் செய்து அடைப்பார்கள். உள்ளே உயிர் இல்லாவிட்டாலும் பல் தாடையில் நின்று மெல்லும். சிறுவர்களுக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடைவாய்ப்பல் ஆறு வயதில் முளைத்தாலும் அதன் வேர் முழுதாக வளர்ந்து நுனி மூட ஒன்பது, பத்து வயதாகும். அதற்கு முன்பே பற்கூழ் செத்துவிட்டால் வேர் பாதியில் நின்றுவிடும். சுவர் மெல்லிசாக, நுனி அகலத் திறந்தபடி இருக்கும். அப்படிப்பட்ட வேரை அடைப்பது கஷ்டம், உடைந்துபோகவும் வாய்ப்பு அதிகம். இதனால்தான் உங்கள் வயதில் பற்கூழைக் கொஞ்சமாவது உயிரோடு காப்பாற்ற மருத்துவர்கள் இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

ஆறு மாதம் கழித்து அவளுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் மருத்துவர் இரண்டு பற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்: சிகிச்சை செய்த பல், மறுபக்கத்தில் இருக்கும் அதன் ஜோடிப் பல். இரண்டின் வேரும் ஒரே அளவு நீண்டிருந்தன, இரண்டின் நுனியும் குறுகிக்கொண்டிருந்தன. அடுத்த படம் ஒரு வருடம் முடிந்ததும். ஒருவேளை பின்னாளில் அந்தப் பற்கூழ் தாங்காமல் போனாலும், அப்போது வேர் முழுதாக வளர்ந்து நுனி மூடியிருக்கும். வழக்கமான ரூட் கனால் சிகிச்சையே போதும்.