சாட்டோ கையார்: ஓர் எல்லைக் கோட்டையின் வரலாறு

ஆற்றின் வழியே வாணிகமும் வரும். பகைவர் படையும் வரும். ஆதலின், எல்லைப்புறத்து ஆற்றங்கரையில் அரண் அமைத்தல் முற்கால வேந்தர்க்கு இன்றியமையாக் கடனாயிற்று. இடைக்கால ஐரோப்பாவில் அவ்வாறு எழுந்த அரண்களுள், பிரான்சிலே சேன் நதிக்கரையில் உள்ள சாட்டோ கையார் தனிச்சிறப்பு வாய்ந்தது. இரண்டே ஆண்டுகளிற் கட்டப்பெற்று, முடிந்த ஆறாண்டுகளில் வீழ்ந்த இக்கோட்டையின் வரலாறு, மதிலின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே உணர்த்துவதாகும்.

1066 ஆம் ஆண்டில் நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்று முடிசூடினான். அதன் பயனாக, இங்கிலாந்தில் முடிமன்னராய் விளங்கியோர் நோர்மண்டியைப் பொறுத்தவரை பிரான்சிய மன்னனுக்குக் கீழ்ப்பட்ட கோமக்களாயினர். இம்முரண்பாடே நெடும்பகைக்கு வித்தாயிற்று. சிலுவைப்போரிலிருந்து மீண்ட முதலாம் றிச்சாட் மன்னன் செருமனியிற் சிறைப்பட்டிருந்த காலத்தில், பிரான்சிய மன்னன் இரண்டாம் பிலிப்பு 1193 இல் ஜிசோர் என்னும் எல்லைக் கோட்டையைக் கைப்பற்றினான். அதனால் நோர்மண்டியின் தலைநகராகிய றூவனுக்குச் செல்லும் வழி காவலற்றுக் கிடந்தது. அவ்வழியை அடைக்கவே றிச்சாட் புதியதோர் அரணை எழுப்பத் துணிந்தான்.

அவன் தெரிந்த இடம் அண்டெலி. அது றூவனுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில், சேன் நதி வளைந்தோடும் இடத்தில் உள்ளது. நதியினின்றும் ஏறத்தாழ 300 அடி உயர்ந்த சுண்ணப் பாறை ஆங்கு உண்டு. ஆயின் இரு தடைகள் இருந்தன. 1196 சனவரியில் இரு மன்னரும் செய்துகொண்ட உடன்படிக்கை அவ்விடத்தில் அரண் அமைத்தலை விலக்கியிருந்தது. நிலமோ றூவன் அதிமேற்றிராணியாருக்கு உரியது. றிச்சாட் இரண்டையும் பொருட்படுத்தாது வேலையைத் தொடங்கினான். அதிமேற்றிராணியார் நோர்மண்டி முழுவதிலும் திருச்சபைச் சடங்குகளை நிறுத்திவைத்து, உரோமாபுரிக்குச் சென்று முறையிட்டார். இறந்தோரின் உடல்கள் அடக்கம் செய்யப்படாமல் தெருக்களிற் கிடந்தன என அக்கால வரலாறு கூறும். 1197 இல் பாப்பரசர் மூன்றாம் செலஸ்தீன் முன்னிலையில் வழக்குத் தீர்ந்தது. அண்டெலிக்கு ஈடாகத் தியெப்புத் துறைமுகமும் வேறு நிலங்களும் அதிமேற்றிராணியாருக்கு வழங்கப்பட்டன.

1196 முதல் 1198 வரை இவ்வேலைக்குச் செலவான தொகை ஏறத்தாழ 12,000 பவுண் என நோர்மண்டித் திறைசேரிக் கணக்குகளால் அறியலாகும். றிச்சாட் தன் ஆட்சிக்காலம் முழுவதிலும் இங்கிலாந்துக் கோட்டைகள் அனைத்திற்கும் செலவிட்டது ஏறத்தாழ 7,000 பவுணே. பாறையைக் குடைந்து தோண்டிய அகழிகள் கோட்டையை மூன்று பகுதிகளாகப் பிரித்தன. ஒரு பகுதியை இழப்பினும் அடுத்ததில் நின்று பொருதலாம். உள்மதில் அரைவட்டப் புடைப்புக்கள் நெருங்க அமைந்தது. எறியப்படும் கற்களின் தாக்கத்தைத் தாங்குதற்கும், மதிலடியை அணுகுவோரை நோக்கி அம்பெய்தற்கும் அது உதவியது. கீழே நதியினூடே மரத்தூண் வேலியும், நதி நடுவிலுள்ள தீவில் ஒரு காவலரணும், கரையில் ஒரு புதிய நகரும் அமைந்தன.

1199 ஏப்பிரலில் றிச்சாட் அம்புக் காயத்தால் மாண்டான். அவன் தம்பி ஜோன் அரசேற்றான். 1203 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிலிப்பு அண்டெலியை முற்றுகையிட்டான். நதிவேலி தகர்க்கப்பட்டது, தீவு அரண் எரியுண்டது. வில்லியம் மார்ஷல் தலைமையில் தரைவழியாகவும் நதிவழியாகவும் ஒருங்கே தாக்கத் திட்டமிட்ட மீட்புப் படை, நீரோட்டத்தைச் சரியாகக் கணிக்காமையால் உரிய வேளையில் ஒன்றுசேராது முறியடிக்கப்பட்டது.

கீழிருந்த நகரின் மக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கோட்டையினுள் அடைக்கலம் புகுந்திருந்தனர். உணவு குறைவதைக் கண்ட கோட்டைத் தலைவன் றொஜர் டி லேசி அவர்களைப் பகுதி பகுதியாக வெளியேற்றினான். முதலிற் சென்றோரைப் பிரான்சியர் இரங்கிப் போகவிட்டனர். இனி எவரையும் விடலாகாது என்று பிலிப்பு கட்டளையிட்டபின், இறுதியாக வந்த சில நூற்றுவர் அம்புகளால் எதிர்கொள்ளப்பட்டனர். திரும்பி ஓடியபோது கோட்டைக் கதவும் அடைபட்டிருந்தது. இரு படைகளுக்கும் நடுவே, குளிர்காலத்தில், புல்லும் நாயிறைச்சியும் உண்டு அவர்கள் கிடந்தனர், பலர் மடிந்தனர். ஈற்றிற் பிலிப்பே மனமிரங்கி, எஞ்சியோருக்கு உணவளித்துப் போகவிட்டான். இச்செய்தியை எழுதிவைத்தவர் பிலிப்பின் சொந்தக் குருவாகிய பிரெத்தன் வில்லியம் என்பது கருதத்தக்கது.

1203 டிசெம்பரில் ஜோன் இங்கிலாந்து திரும்பினான். உதவி வாராதென்பது தெளிவாயிற்று. பிலிப்பின் படையினர் புறக்கோபுரம் ஒன்றின் அடித்தளத்தைத் தோண்டி வீழ்த்தினர். நடுப்பகுதியில் ஜோன் புதிதாகக் கட்டுவித்த கட்டடத்தின் காவலற்ற திறப்பொன்றினூடே சிலர் ஏறிப் புகுந்தனர் என்பர். உள்வாயிலின் முன் பாறையிற் செதுக்காது விடப்பட்ட பாலமே மதிலைத் தோண்டுவோர்க்கு மறைவாயிற்று. 1204 மார்ச்சு 6 ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. அவ்வாண்டு சூன் 24 இல் றூவன் பணிந்தது. நோர்மண்டியும் இங்கிலாந்து மன்னர் கைநழுவியது.

நூறாண்டுப் போரிலும் இக்கோட்டை பன்முறை கைமாறியது. 1419 இல் அது ஆங்கிலேயரிடம் பணிந்தமைக்குக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கயிறுகள் தேய்ந்து அறுந்தமையே காரணம் என்பர். 1599 இல் நான்காம் ஹென்றி அதனை இடிக்கக் கட்டளையிட்டான். 1862 இல் எஞ்சிய சிதைவுகள் பாதுகாக்கப்படும் வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பட்டன.

அரணின் இலக்கணம் வகுத்த திருவள்ளுவர், உயரமும் திண்மையும் மட்டுங் கூறியமையாது, உணவு நிறைவையும் உள்ளிருப்போர் செயற்றிறனையும் உடன்கூறினார். றிச்சாட்டின் மதில் திண்ணிதே. ஆயின் உணவு குறைந்தது. காக்க வேண்டிய மன்னன் கடல் கடந்தான். அடைக்கலம் புகுந்தோர்க்குக் கதவு அடைபட்டது. எவர் பொருட்டு மதில் எழுந்ததோ அவர்க்கு அது பயன்படாதபோது, அம்மதிலின் தோல்வி பகைவர் உட்புகுமுன்னரே நிகழ்ந்துவிட்டதெனலாம்.